பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகுமுன்: கடிதம், படிவம், கடல்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில், ஆலயம் நடத்தும் அறநெறிப் பாடசாலையில் (சமய வகுப்பில்) படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆவணி விடுமுறையில் 13 முதல் 19 வயது வரையான 36 பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகப் போகிறார்கள். காலையில் கோணேசர் கோயில், பிறகு கன்னியா வெந்நீர் ஊற்று, மத்தியானம் நிலாவெளி, நேரம் இருந்தால் புறாத்தீவு. யாரிடம் என்ன கடிதம் எடுக்கவேண்டும், பாதுகாப்புக்கு என்ன ஆயத்தம் வேண்டும், பெற்றோர் கையொப்பம் வராத பிள்ளையை பஸ்ஸில் ஏற்றலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, கடிதத்தில் தொடங்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சுற்றுலா என்றதும் முதலில் கடிதத்தாளை எடுத்து விலாசம் எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுதிய கடிதத்தில் "பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன" என்ற வரி இருக்கும், ஏற்பாடு இருக்காது. முதலில் நீங்களும் இன்னொரு பொறுப்பாளரும் ஒரு மோட்டார் சைக்கிளில் அந்த நாலு இடத்துக்கும் போய் வாருங்கள். பிள்ளைகள் உடுப்பு மாற்ற மறைவான இடம் எங்கே, மலசலகூடம் திறந்திருக்கிறதா, பஸ் எங்கே நிற்கலாம், போனுக்கு சிக்னல் கிடைக்கிறதா, கடலில் எத்தனை அடியில் நிலம் இறங்குகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்தபின் எழுதும் கடிதம் தானாகவே சரியாக வரும்.

போய்ப் பார்த்தால் நாலு இடம் ஒரு நாளுக்குக் கூட என்பதும் தெரியும். என் அபிப்பிராயத்தில் வரிசையையே திருப்புங்கள். காலையில் நேரே நிலாவெளிக்குப் போங்கள். வெயில் ஏறவில்லை, பிள்ளைகளும் களைக்கவில்லை, கரையில் சனமும் குறைவு. பத்தரைக்குள் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடவேண்டும். பிறகு கன்னியா, சாப்பாடு, நிழலில் கொஞ்சம் இருப்பு. கோயில் நடை மத்தியானம் சாத்தியிருக்கும், ஆகவே கோணேசரைப் பின்னேரம் கும்பிட்டுவிட்டு இருட்டுமுன் தம்பலகாமம் திரும்பலாம். கந்தளாய் றோட்டில் இரவில் யானை குறுக்கே வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. களைத்த சாரதி, நித்திரை தூங்கும் பிள்ளைகள், இருட்டு மூன்றும் ஒன்றாகச் சேர விடாதீர்கள்.

புறாத்தீவை இந்த முறை விடுங்கள். அது 2003இல் கடல்சார் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் இறங்கலாம். அது பெரிய வேலை இல்லை. பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. 36 பிள்ளைகள் பல படகுகளில் பிரிந்து போவார்கள். பாதிப் பேர் தீவில், சிலர் நடுக்கடலில், மீதிப் பேர் கரையில் என்று நிற்கும் நேரத்தில் உங்கள் பொறுப்பாளர்களும் மூன்றாகப் பிரிந்துவிடுவார்கள். தீவின் கரையோ செத்த முருகைக்கல் (பவளப்பாறை) நிறைந்தது, வெறுங்காலில் நடந்தால் வெட்டும். 16 வயதுக்கு மேற்பட்ட, நீந்தத் தெரிந்த ஒரு சிறு குழுவை இன்னொரு நாள் கூட்டிப்போங்கள். அப்போது அவர்கள் மீனையும் முருகைக்கல்லையும் நின்று பார்க்கவும் நேரம் இருக்கும்.

படகு என்று வரும்போது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்தவேண்டியதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஆழ்கடலில் இல்லை, அக்கரை கண்ணுக்குத் தெரியும் களப்பில். "கிட்டத்தானே" என்ற சொல்லைப் படகுத்துறையில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்தக் குறுகிய ஓட்டமாக இருந்தாலும் ஏறுமுன் லைஃப் ஜக்கெட் போட்டிருக்கவேண்டும். போட்டால் மட்டும் போதாது. பிள்ளையை முன்னால் நிறுத்தி, ஜக்கெட்டின் இரண்டு தோள்பக்கத்தையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே போகும், ஜக்கெட் மேலே மிதக்கும். பட்டியை இறுக்குங்கள், இறுகாவிட்டால் சின்ன அளவு கேளுங்கள். சின்ன அளவு இல்லை என்று படகுக்காரர் சொன்னால் அந்தப் பிள்ளை கரையில் நிற்கட்டும்.

நிலாவெளிக் கடலைப் பற்றி ஒன்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வயல்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. மார்கழி, தையில் வாடைக் கடல் கொந்தளிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்தே எவரும் பயந்து விலகிவிடுவார்கள். ஆவணியில் கடல் குளம்போலக் கிடக்கும், ஆபத்து அதில்தான். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையில் அலை இராது, ஆனால் தண்ணீரில் மிதக்கும் எதையும் அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். காற்றடித்த ரியூப், ரப்பர் படுக்கை, பந்து எல்லாம் அப்படித்தான் போகும். பந்தின் பின்னால் ஒரு பெடியன் நீந்துவான், அவனைப் பிடிக்க இன்னொருவன் போவான். ஆகவே கடலுக்குள் ரியூப் வேண்டாம், பந்து மணலில் மட்டும். பந்து தண்ணீருக்குள் போனால் அது போனதுதான், இன்னொன்று வாங்கித் தருவோம் என்று புறப்படுமுன்னே சொல்லிவிடுங்கள்.

முதல் நாளும் அன்று காலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பாருங்கள். திருகோணமலையின் பெயர் வரும் கடற்பகுதிதான் உங்களுக்கு. காற்று பலமாக இருக்கும் என்று போட்டிருந்தால் கடல்குளிப்பு இல்லை, கன்னியாவில் குளிப்பு. இந்த மாற்றுத் திட்டத்தையும் பெற்றோருக்குக் கொடுக்கும் தாளிலேயே எழுதிவிட்டால், அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மனம் இளகவேண்டி வராது.

நீந்தத் தெரியுமா என்று படிவத்தில் கேட்டால் பெற்றோர் "ஆம்" என்றுதான் எழுதுவார்கள். குளத்திலும் வாய்க்காலிலும் குளிக்கிற பிள்ளைதானே. கந்தளாய்க் குளத்தில் நீந்துகிறவனுக்குக் கடலின் இழுவை தெரியாது. பிள்ளையையே தனியாக, மற்றவர்கள் கேட்காத இடத்தில் கேளுங்கள். உண்மை வரும். தெரிந்தவன், தெரியாதவன் எல்லோருக்கும் எல்லை இடுப்பளவுதான். இரண்டு தடியை நட்டு, கயிறு கட்டி, அந்த அகலத்துக்குள் மட்டும் விடுங்கள். உயிர்காப்பாளர்கள் கடமையில் நிற்கும் பகுதியாகப் பார்த்து அதை அமையுங்கள், வந்திருக்கிறோம் என்று அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள்.

உடுப்பும் முக்கியம். ஜீன்ஸ், பாவாடை, நீளச் சல்வார் எல்லாம் நனைந்தால் பாரம், காலைச் சுற்றும். பெண்பிள்ளைகள் ரீசேட்டும் காலோடு ஒட்டிய நீளக் காற்சட்டையும் கொண்டுவரட்டும் என்று தாய்மாருக்கு முன்பே சொல்லுங்கள். கடலில் இறங்காத நாளாக ஒரு பிள்ளைக்கு இருக்கலாம், அதை அவள் சொல்லக்கூடிய ஒரு அக்கா பொறுப்பாளராக இருக்கவேண்டும், நப்கினும் உங்கள் பையில் இருக்கவேண்டும்.

தண்ணீரில் ஆபத்தில் இருக்கும் பிள்ளை "காப்பாற்றுங்கள்" என்று கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாயும், உடம்பு நேராக நிற்கும், கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். கரையிலிருந்து பார்த்தால் விளையாடுவதுபோலத் தோன்றும். அதனால்தான் ஒரு பெரியவர், பிள்ளை எதையும் கவனிக்கும் வேலை இல்லாமல், போனும் இல்லாமல், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு நீளக் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெற்றுத் தண்ணீர்க் கானும் இருக்கட்டும். எறிந்து இழுப்பதுதான் முதல் வேலை, நீந்தத் தெரியாதவர் பாய்வதில்லை. வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் ஊதி மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்தவேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்குவதும் நேரத்தை வீணாக்கும், ஆபத்தும்கூட. மூச்சு வந்துவிட்டாலும், தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருக்கும் பிள்ளையை வைத்தியசாலையில் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறவர்கள். உங்கள் பொறுப்பாளர்களில் இரண்டு பேராவது சுற்றுலாவுக்கு முன் அதைச் செய்து முடிக்கட்டும்.

ஆட்களைப் பிரிக்கும் முறை: 36 பிள்ளைகளை ஆறு ஆறாக ஆறு குழுவாக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர். இதற்கு மேல் இரண்டு பேர், ஒருவர் தண்ணீரைப் பார்க்க, மற்றவர் மருந்துப்பையும் போனும் தாள்களும் வைத்திருக்க. எட்டுப் பேர் கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் குறையுங்கள், பெரியவர்களைக் குறைக்காதீர்கள். எண்ணிப் பார்ப்பதை எண்ணிக்கையால் செய்யவேண்டாம், பெயரால் செய்யுங்கள். கரையில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று உங்கள் கூட்டத்தில் நின்றாலும் 36 சரியாகவே வரும். தண்ணீருக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்ததும் சோடியின் கையைப் பிடித்து உயர்த்தவேண்டும். ஒற்றைக் கை தெரிந்தால் எல்லோரும் வெளியே.

இனிக் கடிதங்கள். முதலாவது உங்கள் ஆலய நிர்வாக சபையின் தீர்மானம். கூட்டக் குறிப்பில் திகதியோடு எழுதப்பட்டு, பொறுப்பாளர்களின் பெயர்கள் அதில் இருக்கவேண்டும். அது இல்லாமல் போனால், ஒன்று நடந்தபிறகு அது உங்கள் தனிப்பட்ட பயணம் ஆகிவிடும். அதன் பிரதியோடு கிராம சேவகருக்கும், பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் நிலாவெளிப் பொலிஸுக்கும் ஒவ்வொரு கடிதம். இவை அனுமதிக் கடிதங்கள் என்பதைவிட அறிவித்தல்கள், ஆனால் பெறப்பட்டது என்ற முத்திரையோடு ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசலால் போகவேண்டும், உள்ளே இராணுவம் இருக்கிறது. பெரிய பஸ் எங்கே நிற்கவேண்டும், பிள்ளைகள் எங்கிருந்து நடக்கவேண்டும் என்பதை முன்னரே வாசலில் கேளுங்கள். பொலிஸுக்கும் படையினருக்கும் போகும் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அன்று வாசலில் நிற்கும் ஆள் வாசித்து விளங்கிக்கொண்டால் பத்து நிமிட விளக்கம் மிச்சம். இதே சுற்றுலாவைப் பாடசாலையின் பெயரில் செய்வதானால் கதை வேறு, அப்போது அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டையும் கலந்து, பாடசாலைச் சீருடையில் அறநெறிச் சுற்றுலா போகாதீர்கள்.

கடிதத்தில் வேண்டியவை கொஞ்சம்தான்: திகதி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், இடங்கள் வரிசையில், ஆண்பிள்ளைகள் எத்தனை, பெண்பிள்ளைகள் எத்தனை, பொறுப்பாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பஸ் இலக்கம், சாரதி பெயர். அன்பும் மரியாதையும் நிறைந்த இரண்டு பந்திகள் தேவையில்லை.

பஸ்ஸைப் பேசும்போது விலையோடு நின்றுவிடாதீர்கள். வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், சாரதியின் அனுமதிப் பத்திரத்தில் பஸ் ஓட்டும் வகுப்பு உண்டா என்பது, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வாங்குங்கள். திகதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டில் ஓடும் தனியார் பஸ் என்றால் அந்த ரூட்டை விட்டு விசேட பயணம் போக வேறு அனுமதி எடுக்கவேண்டும், அதை எடுத்துத் தருவது உரிமையாளரின் வேலை என்று முற்பணம் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள். டயர் வழுக்கையா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முதல் நாள் இரவு அந்தச் சாரதி வேறு நீண்ட ஓட்டம் போகிறாரா என்றும் கேளுங்கள். கேட்க வெட்கப்படும் கேள்வி அல்ல அது.

பெற்றோர் படிவத்துக்கு வருவோம். நான் பார்த்த பெரும்பாலான படிவங்களில் பாதி இடத்தை "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரி பிடித்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பிள்ளையைக் கவனிக்கும் கடமை அந்த வரியால் உங்களைவிட்டுப் போகாது, தாய்மாரைப் பயமுறுத்துவதுதான் மிச்சம். படிவம் எதற்கு என்று யோசியுங்கள். உங்களுக்கே ஏதாவது நடந்து, பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் நிற்கும்போது, அந்தத் தாளைப் பார்த்து அவர் செயற்படக்கூடியதாக இருக்கவேண்டும். முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டில் கூப்பிடும் பெயர். முட்டு (ஆஸ்துமா), வலிப்பு, இருதய வருத்தம், எந்த மருந்து அல்லது சாப்பாடு ஒத்துவராது, தினமும் எடுக்கும் குளிசை எது, எத்தனை மணிக்கு. கடலில் இறங்கச் சம்மதமா, இல்லையா. அவசர சிகிச்சைக்குச் சம்மதம். இரண்டு தொலைபேசி இலக்கம், அதில் ஒன்று பகலில் எடுக்கும் ஆளுடையது. முட்டு உள்ள பிள்ளையின் பம்ப் பஸ்ஸில் உள்ள பைக்குள் அல்ல, அந்தப் பிள்ளையின் குழுப் பொறுப்பாளரின் கையில் இருக்கவேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொன்று உண்டு. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் தொழிலுக்கு வேறு ஊரில், பிள்ளை அம்மம்மாவோடு. அம்மம்மா படிவத்தை வாசிக்காமலே கையொப்பம் வைப்பா, அல்லது பெருவிரல் அடையாளம் வைப்பா. அங்கே வீட்டுக்குப் போய், பக்கத்தில் இருந்து, கடலுக்குப் போகிறோம் என்பதைச் சொல்லி விளங்கப்படுத்திக் கையொப்பம் எடுங்கள். தாய்க்கு வட்ஸ்அப்பில் படிவத்தின் படத்தை அனுப்பி, சம்மதம் என்று குரல்பதிவு ஒன்று வாங்கிச் சேமித்து வையுங்கள். தூரத்தில் இருக்கும் அந்தத் தாய்க்குத் தன் பிள்ளையின் பயணம் முன்கூட்டியே தெரியவேண்டும், அது அவருடைய உரிமை.

தாள்கள் எங்கே இருக்கவேண்டும் என்பதும் ஒரு விஷயம். படிவங்கள் மூலப்பிரதி மருந்துப்பைக்காரரிடம். பெயர்ப்பட்டியல் ஒன்று பஸ்ஸில், பிளாஸ்டிக் உறையில். இன்னொன்று தம்பலகாமத்தில், அன்று முழுக்கப் போனை எடுக்கக்கூடிய ஒரு பொறுப்பாளரிடம். பெற்றோர் பதறினால் அவரைக் கேட்பார்கள், உங்களை அல்ல. பட்டியலின் அடியில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1929 சிறுவர் உதவி இலக்கம் நாலையும் எழுதுங்கள். 1990 இலவசம், தமிழில் பேசலாம். ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள், ஆகவே போய்ப் பார்க்கும் நாளிலேயே பக்கத்து விடுதி, சந்தி, கோயில் எது என்று குறித்து வையுங்கள். மருந்துப்பையில் ஜீவனி (நீரிழப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) கட்டாயம். கச்சான் வெயிலில் முதலில் விழுவது காயப்பட்ட பிள்ளை அல்ல, தண்ணீர் குடிக்காத பிள்ளை. விடியப்புறம் நாலு மணிக்குக் கட்டிய தேங்காய்ப்பால் கறிப் பார்சலை ஒரு மணிக்குப் பிரிக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டை நகரில் ஒரு கடையில் சொல்லி வையுங்கள், அல்லது பாணும் வாழைப்பழமும் அவித்த கடலையும் போதும்.

பிள்ளைப் பாதுகாப்பு என்பது தண்ணீரோடு முடியவில்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை ஒன்று நாட்டில் இருக்கிறது, முறைப்பாட்டுக்கு இலக்கமும் இருக்கிறது, ஆனால் சங்கங்கள் பல இதைப் பேசத் தயங்குகின்றன. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே, மற்றவர் கண்ணுக்கு மறைவாக இருக்கக்கூடாது. உடுப்பு மாற்றும் இடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர்கள் இருவர் வெளியே நிற்கவேண்டும். நனைந்த உடுப்போடு பிள்ளைகளைப் படம் எடுத்து முகநூலில் போடுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை, நிர்வாகத் தலைவருக்கும்தான். கடைசி நேரத்தில் "நானும் உதவிக்கு வாறன்" என்று ஏறும் அண்ணாமாரை, எவ்வளவு நல்லவர் என்றாலும், இறக்கிவிடுங்கள். நிர்வாக சபையின் தீர்மானத்தில் பெயர் இருப்பவர்கள் மட்டும்.

உங்கள் மூன்றாவது கேள்வி: கையொப்பம் இல்லாத பிள்ளை. ஏற்றாதீர்கள். போனில் தாய் "ஓம், கூட்டிப்போங்கோ" என்றாலும் ஏற்றாதீர்கள். வருத்தம் என்ன, மருந்து என்ன, கடலுக்குச் சம்மதமா என்று அந்தப் போன் பேச்சில் யாரும் கேட்பதில்லை. ஆனால் புதுச் சப்பாத்தோடு, பையோடு, விடியவே வந்து பஸ்ஸடியில் நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கொடுமை, அது தாய் தகப்பன் விட்ட பிழை, பிள்ளையின் பிழை இல்லை. அதனால் படிவம் சேர்க்கும் கடைசி நாளை மூன்று நாளுக்கு முன் வையுங்கள், வராத வீடுகளுக்கு அன்று பின்னேரமே ஆள் அனுப்புங்கள். அப்படியும் ஒன்றிரண்டு தப்பும். புறப்படும் நேரத்தை ஆறரை என்று வைத்தால் பிள்ளைகளை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். மேலதிகப் படிவங்களோடு ஒரு மோட்டார் சைக்கிள் ஆயத்தமாக நிற்கட்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, எல்லாக் கேள்வியையும் கேட்டு எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.